இடக்கைக் கையெழுத்து

1

ஊரில் நான் படித்த பாடசாலையின் மலருக்கு "அவுஸ்திரேலிய வாழ்க்கையைப் பற்றி ஏதாவது" எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். ஏதாவது என்றால் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். துறைமுகப் பாலம், கங்காரு, பிள்ளைகள் தமிழை மறக்கிற கவலை, கடைசியில் ஊர் மண்ணைப் பற்றிக் கண்ணீரோடு இரண்டு வரி. இப்படி மூன்று மலர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கை வரவில்லை. போன மாதம் எனக்கு ஒரு விருது கிடைத்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வாசித்த பிறகு மலரில் போடுவதா, குப்பையில் போடுவதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

விருது மல்யுத்தத்துக்கு. சிரிக்க வேண்டாம். தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: மினுங்குகிற காற்சட்டை போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் தூக்கி எறிவார்கள், யார் வெல்வது என்று முதலே பேசி வைத்திருப்பார்கள். அந்த ஆட்டத்தில் நான் ஆறு வருடம் இருந்தேன். அப்போதெல்லாம் மேற்கு சிட்னியின் கிளப் மண்டபங்களில் சனிக்கிழமை தோறும் நடக்கும். என் மேடைப் பெயர் பம்பாய் மகாராஜா. பம்பாயை நான் இன்றுவரை கண்டதில்லை.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்காக இங்கே ஒரு சிறிய சங்கம் 'ஹோல் ஒஃப் ஃபேம்' நடத்துகிறது. தமிழில் புகழ் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் என்று ஒன்று கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மெரிலேண்ட்ஸில் ஒரு கிளப்பின் பின் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். நாலைந்து பேருக்கு மரப்பலகையில் பித்தளைத் தகடு அடித்துக் கொடுப்பார்கள். பிறகு தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றில் அவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் புத்தகம்தான் மண்டபம்.

என் பெயரை அனுப்பியவள் மகள் ஆரணி. பிசியோதெரபிஸ்ட்; கெல்லிவில்லில் தனியாக வீடு வாங்கி இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அது எங்கள் வீட்டுச் சட்டமாகி இருபது வருடம். என்னிடம் சொல்லும்படி அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போய்ப் பல காலம். போன வருடம் யாரோ இணையத்தில் போட்ட பழைய ஒளிப்பதிவு ஒன்றில், தலைப்பாகையும் ஒட்டுத் தாடியுமாக நின்று சனத்தைத் திட்டுகிற என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருகிறாள்.

"யூ வேர் எ லெஜெண்ட், அப்பா. ஏன் சொல்லேல்லை?" என்றாள். கடைசி இரண்டு சொல்லும் தமிழில் வந்தன. அதற்காகவே நான் எதற்கும் சம்மதித்திருப்பேன்.

அவளை அவள் போக்கில் விட்டதில் வந்த வினை இது. கராஜில் பெட்டிகளைக் கிளறியபோது அவளுக்கு என் பழைய மாவுக்கட்டு அகப்பட்டது. வலக்கைக்குப் போட்டது, நெடுக்கே வெட்டிக் கழற்றியது. எனக்குச் சொல்லாமலே அதைச் சங்கத்துக்குக் காட்சிக்குக் கொடுத்துவிட்டாள். நான் அறிந்தபோது அது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தக் கட்டைச் சுற்றி ஒரு பொய் இருந்தது. என் மனைவி பவானிக்கும், இறந்துபோன என் அம்மாவுக்கும், ஊரில் உள்ள உங்களுக்கும் முப்பது வருடத்துக்கு மேலாக நான் சொல்லிவந்த பொய். விழாவுக்குப் போனால் அது பவானிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். போகாவிட்டால் மகள் மறுபடியும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

2

மல்யுத்தத்துக்கு நான் வந்தது மரக்கறிச் சந்தையில் இருந்து. படிக்க வந்தவன், பகுதி நேரமாகப் பெட்டி இறக்கினேன். பிறகு படிப்பு பகுதி நேரமாகியது, பிறகு அதுவும் இல்லை. லூ என்று ஒருவர் அங்கே தக்காளி வாங்க வருவார். சனிக்கிழமை ஆட்டங்களை நடத்துகிறவர், மால்டாக்காரர், குள்ளம், எந்த நேரமும் வாயில் பல்லுக்குத்தி. இரண்டு பெட்டிகளை ஒரே தோளில் வைத்து நான் நடந்ததைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கோபமாக முறைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அந்த நாட்களில் எனக்கு வேறொன்றும் தெரியாது.

மண்டபத்துக்கு வருகிற சனத்துக்கு வெறுக்க ஒரு ஆள் வேண்டும். மண்ணிற மேனியாக இருந்தால் லூவுக்குச் செலவு குறைவு, விளக்கம் தேவையில்லை. தலைப்பாகை அவருடைய மனைவியின் திரைச்சீலை. ஒலிவாங்கியில் "உன் பாஷையில் ஏதாவது கத்து" என்பார். நான் சந்தையில் விற்கிற மரக்கறிகளின் பெயர்களைத் தமிழில் வரிசையாகக் கத்துவேன். கத்தரிக்காய், முருங்கைக்காய், புடலங்காய். நானூறு பேர் எழுந்து நின்று கூ அடிப்பார்கள். புடலங்காய்க்கு எப்போதும் கூடுதலாகக் கிடைக்கும்.

கூ அடிப்பதுதான் எங்களுக்குக் கைதட்டல். வில்லனின் வேலை தோற்பது. அதிலும், வெல்கிறவன் பெரிய ஆள் என்று தோன்றும்படி தோற்பது. என்னை வென்றவன் மிக். பொன்னிறத் தலைமுடி, அகன்ற தோள், நல்ல மனம். போஸ்டரில் 'ஹாமர் மிக்' என்று போடுவார்கள். ஆட்டத்தில் எங்களுக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அடி வாங்கி முடிந்ததும் நான் முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் கூப்பி, அழுது மன்னிப்புக் கேட்பேன். மிக் சனத்தின் பக்கம் திரும்பி, நம்பவா என்று கையை விரித்துக் கேட்பான். "நம்பாதே" என்று மண்டபமே கத்தும். அவன் இரங்கிக் கை கொடுப்பான். நான் அவன் கண்ணில் குத்துவேன். ஆறு வருடம், சனிக்கிழமை தவறாமல், இதையே செய்தோம். ஒரு சனிக்கிழமைகூட அவர்களுக்கு அலுக்கவில்லை.

நம் ஆட்களுக்கு இது தெரியாது. கோயிலில் கண்டால், "தம்பி மார்க்கெற்றிலதானே?" என்பார்கள். ஓம் என்பேன். பின்னால் முழங்கால் போனபோது நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தேன். தொழில் என்ற கட்டத்தில் மல்யுத்தம் என்று எழுதினால், சண்டை பொய் என்று எல்லோருக்கும் தெரியும், பொய்ச் சண்டையில் உண்மைக் காயம் எப்படி வரும் என்று கேட்டார்கள். நடிகர் என்று எழுதினால், நடிகர் சங்கத்து அட்டையைக் கேட்டார்கள். கடைசியில் பெட்டி இறக்கியதில் போன முழங்கால் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் எழுதியதும் அலுவல் ஒரு வாரத்தில் முடிந்தது.

3

இனிக் குகனுக்கு வருகிறேன். உங்களில் சிலர் அவனோடு படித்தவர்கள். என் தம்பி. சைக்கிளை இரண்டு கையும் விட்டு ஓடி, அதிபரின் காருக்குள் கொண்டுபோய் விட்டவன் என்று சொன்னால் நினைவு வரும். பவானியும் அவனோடு ஒரே ரியூசனில் இருந்தவள். அவனுக்குக் கணக்குக் கொப்பி இரவல் கொடுத்து, திரும்ப வாங்காமலே போனவள்.

அப்போது அவனுக்கு இருபத்திரண்டு. நான் இங்கே நிரந்தர வதிவிடம் எடுத்திருந்தேன். அவன் போருக்குத் தப்பி ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்தான். "அண்ணை, வெளியில போகப் பயமாக் கிடக்கு. பொழுதுபோக மூட்டைப்பூச்சி எண்ணுறன். கெதியாப் பாருங்கோ" என்று எழுதியிருந்தான். நான் அவனைப் பொறுப்பேற்பதாக ஒரு படிவம் நிரப்பி, குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போய், கடவுச்சீட்டைக் காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு.

அதே மாதம் மேடையில் மிக் என் வலக்கையை உடைத்தான். உடைத்ததாக ஆட்டம். ஆறு வாரத்துக்குப் பிறகு மறுபோட்டி, மகாராஜாவின் பழிவாங்கல் என்று போஸ்டர் அடித்தாயிற்று. லூவின் மைத்துனர் வீடுகளுக்குச் சீலிங் பூசுகிறவர். மருந்துக்கடையில் துணி வாங்கி வந்து, முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் அவர்தான் மாவுக்கட்டுப் போட்டார். எந்த வைத்தியராலும் அவ்வளவு அழுத்தமாகப் பூசியிருக்க முடியாது.

அந்தத் தொழிலில் 'கேஃபேப்' என்று ஒரு சொல் உண்டு. மேடையில் நடந்ததை வெளியிலும் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். மேடையில் பகைவர்கள் என்றால் ஒரே காரில் போகக் கூடாது. மேடையில் கை உடைந்தால் கடையிலும், ரயிலிலும், படுக்கையிலும் உடைந்த கைதான். "நீ கட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பதை ஒருவன் கண்டால் போதும், மிக்கின் அடி பொய்யாகிவிடும்" என்றார் லூ. நான் ஒற்றைக் கையால் பெட்டி இறக்கினேன். ஒற்றைக் கையால் சோறு சமைத்தேன். இடக்கையால் சாப்பிட்டேன், இதில் ஒன்றையும் அம்மாவுக்கு எழுதவில்லை.

நாலாம் நாள் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. தாடியும் தலைப்பாகையும் இல்லாமலே பிள்ளைகள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கட்டுத்தான் காட்டிக்கொடுத்திருக்கும். மூத்தது மெதுவாகக் கூ அடித்தது. தகப்பன் சிரித்துக்கொண்டு, "மகாராஜா, கை எப்படி?" என்றார். நான் முறைத்தேன். பிள்ளைகளுக்கு ஆனந்தம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் ஆனந்தம். வந்து ஆறு வருடத்தில் இந்த நாட்டில் ஒருவர் என்னை வீதியில் அடையாளம் கண்டது அதுதான் முதல் தடவை.

கவுண்டரில் ஒரு நடுவயதுப் பெண். படிவத்தைப் பார்த்தாள், கடவுச்சீட்டைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். "விரல்கள் அசையுமா? முடிந்தால் வலக்கையால் முயன்று பாருங்கள். கடவுச்சீட்டில் இருப்பது போல வந்தால் நல்லது" என்று பொறுமையாகச் சொன்னாள். விரல்கள் ஐந்தும் கட்டுக்கு வெளியேதான் இருந்தன. பேனையைப் பிடித்திருக்கலாம். பின்னால் அந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முகத்தைச் சுளித்து, வலிக்கிறவன் போல மூச்சை இழுத்து, "உடைந்துவிட்டது" என்றேன். இடக்கையால் கையெழுத்து வைத்தேன். கோழி கிளறியது போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை உடை மாற்றுகிற அறையில் இதைச் சொன்னேன். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். அரசாங்கத்தையே நம்பவைத்தவன் என்று லூ எனக்கு பியர் வாங்கித் தந்தார். மிக் என்னைக் கட்டிப்பிடித்தான்.

4

ஐந்து வாரம் கழித்துப் படிவம் தபாலில் திரும்பி வந்தது. கையொப்பம் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை, திருத்தி அனுப்பவும் என்று ஒரு துண்டு. அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கே குளியலறையில் இருந்துகொண்டு மாவுக்கட்டை வெட்டினேன், வலக்கையால் கையெழுத்து வைத்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் லொட்ஜ் முதலாளி தொலைபேசி எடுத்தார். "தம்பியைக் கூட்டிக்கொண்டு போட்டினம்" என்றார். "ஆர்?" என்று கேட்டேன். "வான் ஒண்டில வந்தவை. எனக்கு வேற ஒண்டும் தெரியாது, தம்பி." அதற்கு இருபது நாளுக்குப் பிறகு, குகனை விசா நேர்முகத்துக்கு வரச் சொல்லி அதே லொட்ஜுக்குக் கடிதம் வந்தது. முதலாளி அதைக் கவனமாக எனக்கு அனுப்பிவைத்தார். ஐந்து வாரத்தை நீங்களே கழித்துப் பாருங்கள். நான் தினமும் கழித்துப் பார்ப்பவன்.

அம்மாவுக்கு எழுதினேன்: அலுவலகத்தில் படிவத்தைத் தொலைத்துவிட்டார்கள், அதனால்தான் பிந்திவிட்டது. அது ஊரெல்லாம் போனது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். "வெள்ளைக்காரன் கடதாசியைத் துலைச்சதிலதான் பொடியன் போனவன்" என்று செத்தவீடுகளில் பேசியிருப்பீர்கள். பவானியைக் கலியாணம் செய்து கூப்பிட்டபோது அவளுக்கும் அதையே சொன்னேன். அவளுக்கு இங்கத்தைய அலுவலகம் ஒன்றுக்குள் போக வேண்டிவந்தால் இன்றைக்கும் முகம் இறுகும். ஒவ்வொரு படிவத்தையும் மூன்று பிரதி எடுத்து வைப்பாள், தொலைத்துவிடுவார்கள் என்று.

அம்மாவையும் பிறகு கூப்பிட்டுக்கொண்டேன். குகனின் படத்துக்கு மாலை போட அவ விடவில்லை. பிளாக்டவுனில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே சொல்: "கடதாசியைத் துலைச்சவன் உருப்படமாட்டான். அவன்ர கை அழுகிப் போகும்." நான் பக்கத்துக் கதிரையில் இருந்து அவவின் காலைத் தடவிக்கொண்டு, "ஓம் அம்மா" என்றேன். அம்மா போய்ப் பதினோரு வருடம். அந்தக் கையால்தான் கொள்ளி வைத்தேன்.

இந்த இடத்தில், அன்றோடு மல்யுத்தத்தை விட்டேன் என்று எழுத ஆசை. விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் மேடையில் ஏறிப் புடலங்காய் என்று கத்தினேன். அதன் பிறகும் இரண்டு வருடம் கத்தினேன். வேறு எங்கே போய்க் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

5

விழா ஒரு ஞாயிறு மத்தியானம். பவானி பட்டுச்சேலை உடுத்து வந்தாள். இந்த மல்யுத்தத்தை அவள் எப்போதும் "உங்கட கூத்து" என்றுதான் சொல்வாள். ஆனாலும் மகள் ஏற்பாடு செய்தது என்று ஆசையோடு வந்தாள். ஆரணி எங்கள் இருவரையும் கையில் பிடித்து எல்லோரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். என் மகள் பொது இடத்தில் என் கையைப் பிடித்தது அவள் நாலாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் கட்டு, கீழே 'மகாராஜாவின் உடைந்த கை' என்று அட்டை. பவானி குனிந்து பார்த்தாள்.

"உது மணிக்கட்டோட நிண்டிட்டுதே" என்றாள். "விரல் எல்லாம் வெளியில."

"ஓம், ஓம். வாரும், இருப்பம்" என்று அவளை நகர்த்தினேன்.

நூறு பேர் வரையில் இருந்தார்கள், முக்கால்வாசி நரைத்த தலை. தேநீர், சாண்ட்விச், மூலையில் பியர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. விருது வாங்குகிறவரை அவருடைய பழைய எதிரிதான் மேடைக்கு அழைக்க வேண்டும். மிக் வந்திருந்தான். எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் மாற்றியது, பொன்முடி போய் வழுக்கை, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினான். முதல் நாளே தொலைபேசியில் அவனிடம், கட்டுக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன். ஏன் என்று கேட்டான். சும்மா விடு என்றேன். "அடக்கத்தைப் பார்" என்று சிரித்தான். அப்போதே எனக்குத் தெரியும், அவன் அதைத்தான் சொல்லப்போகிறான் என்று.

"என்னைப் பெரிய ஆள் ஆக்கியவன் இவன்" என்று தொடங்கினான். என் மேல் அவனுக்கு உண்மையான அன்பு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "இந்தத் தொழிலில் இவனைப் போல நேர்மையானவனை நான் கண்டதில்லை. ஆறு வாரம் போட வேண்டிய கட்டு. ஒருநாள்கூடக் கழற்றவில்லை. குடிவரவு அலுவலகத்துக்குப் போனான், ஏதோ குடும்பத்துப் பத்திரம். அந்தப் பெண், வலக்கையால் முயன்று பார் என்று கெஞ்சுகிறாள். விரல் எல்லாம் நன்றாக அசைகிறது. இந்த மனுசன் என்ன செய்தான் தெரியுமா? அழுகிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு, அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் பத்திரத்தில் இடக்கையால் கையெழுத்துப் போட்டான்."

மண்டபம் மேசைகளில் தட்டிச் சிரித்தது. ஆரணி சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் படம் எடுத்தாள். நான் பவானியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தாள். ஐந்து வாரத்தை அவளும் கழித்துப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

என் பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நின்று கூ அடித்தார்கள். அதைவிட மரியாதை அங்கே கிடையாது. சட்டைப் பையில் நன்றியுரை எழுதிவைத்திருந்தேன்: லூவுக்கு, மிக்குக்கு, மகளுக்கு, கடைசியில் பகிடியாகப் புடலங்காய். ஒலிவாங்கியைப் பிடித்தபோது பவானி மட்டுமே இருந்த இடத்தில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் இருந்த தாளை நான் எடுக்கவில்லை.

"அந்தப் பத்திரம் என் தம்பியுடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அது திரும்பி வந்தது. ஐந்து வாரம் பிந்தியது. அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். என் கை நன்றாக இருந்தது. நான் நன்றாக இருந்த கையால் வைக்கவில்லை."

பின்னால் யாரோ கிழவர் உற்சாகமாக, "நம்பாதே, மிக்" என்று கத்தினார்.

மண்டபம் வெடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை அறியாமல் இரண்டு கையும் கூப்பியபடி நின்றிருக்கிறேன். ஒளிப்பதிவில் பிறகு பார்த்தேன். "இல்லை, இது உண்மை, தயவுசெய்து" என்றேன். ஆறு வருடம் சனிக்கிழமை தோறும் நான் சொன்ன அதே சொற்கள். மிக் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பி, ஒரு கையை விரித்து, நம்பவா என்று கேட்டான். "நோ" என்று நூறு பேர் கத்தினார்கள். என் மகள் கதிரை மேல் ஏறி நின்று, தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையக் கூ அடித்தாள். அவள் என்னோடு அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் கண்டதே இல்லை.

மிக் கை கொடுத்தான். கிட்ட வந்து என் காதில், "கண்ணைக் குத்தாதே, போன மாதம்தான் சத்திரசிகிச்சை" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்றையும் நீ மறக்கவில்லையடா" என்று தோளில் தட்டினான்.

6

கடைசியில் புத்தகத்தைக் கொண்டுவந்து மேடை ஓரத்து மேசையில் விரித்தார்கள். சங்கத்துச் செயலாளர் பேனையை என் இடக்கையில் செருகிவிட்டுச் சனத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர்களுக்கு அது போதும். "லெஃப்ட் ஹேண்ட், லெஃப்ட் ஹேண்ட்" என்று மேசையில் தட்டத் தொடங்கினார்கள். ஆரணியும் அவர்களோடு தட்டினாள்.

பவானி எழுந்து வந்தாள். படம் எடுக்க வருகிறாள் என்று நினைத்து வழி விட்டார்கள். என் பக்கத்தில் வந்து நின்றாள். நாற்பது வருடம் முன்னால் குகனுக்குக் கணக்குக் கொப்பி கொடுத்தவள்; என் அம்மாவை எட்டு வருடம் குளிப்பாட்டி, அந்தச் சாபத்தைத் தினமும் கேட்டு, சேர்ந்து ஓம் என்று சொன்னவள். அவள் சத்தம் போடவில்லை. அவளுடைய குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அண்டைக்கும் விரல் வெளியிலதானே இருந்தது?"

"ஓம்" என்றேன்.

"மாமி சாகிற நேரமும் நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்."

"ஓம்."

சனம் தட்டிக்கொண்டே இருந்தது. செயலாளர் புன்னகையோடு காத்திருந்தார். பவானி என் இடக்கையில் இருந்து பேனையை எடுத்து, மேசையில், என் வலப்பக்கத்தில் வைத்தாள்.

"வலக்கையால வையுங்கோ" என்றாள்.

பேனையை எடுத்து வலக்கையால் வைத்தேன். கடவுச்சீட்டில் இருப்பது போலவே, ஒரு சுழி பிசகாமல் வந்தது. ஏமாந்துபோன சனம் கூ அடித்தது. பவானி குனிந்து, மை காயும் வரைக்கும் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.